சிவப்பு மையில் வந்த கடைசி அத்தியாயம்

டீச்சர்,

நேற்று உங்கள் மகள் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாம் பழைய கணக்கு வினாத்தாள்கள். பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து. தொடரின் கடைசி அத்தியாயம். முதல் வரியிலிருந்து முடிவு வரை சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது.

பணி ஓய்வுக்குப் பிறகு, கைபேசிச் செயலியில் பேய்க் காதல் தொடர் எழுதப்போவதாக நீங்கள் சொன்னபோது சிரித்தேன். வானத்திலிருந்து தள்ளப்பட்ட தேவதூதன் ஒருவன் சிறகு கருகி ராஜகிரி மலைக்கோட்டை உச்சியில் விழுகிறான். அந்தக் கோட்டைக்குள் அலைகிற, ரத்தம் குடிக்கிற நிசி என்ற பேய்மகள் அவனைக் கொல்ல வந்து, கொல்லாமல் நின்றுவிடுகிறாள்.

“மேகத்துலேர்ந்து உச்சிக்கு விழ எத்தினி செகண்டு ஆவும்னு கணக்குப் போட்டுட்டேன் டீச்சர்” என்றீர்கள், கணக்கு டீச்சரல்லவா.

“சிறகு இருக்கறவனுக்கு அந்தக் கணக்கு ஒத்து வருமா?”

“அதான் கருகிப்போச்சே. இன்னா டீச்சர், கதைய ஒழுங்கா படிக்கறதில்லையா?”

நீங்கள் எழுதுவீர்கள். தமிழ் டீச்சரான நான் சிவப்புப் பேனாவால் திருத்தி, கைபேசியில் தட்டச்சு செய்து ஏற்றுவேன். சனிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம்.

பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் தவறு செய்தேன். மேலிருந்து தூது வருகிறது: அவளை விட்டுவிட்டு மன்னிப்புக் கேள், சிறகு திரும்பக் கிடைக்கும். உங்கள் தேவதூதன் பதில் சொல்லாமல் நிசியோடு இருட்டுக்குள் நடந்துவிட்டான். எனக்கு அது முடியாத பாடம் போலத் தோன்றியது. நான்கு வரிகளை அடித்துவிட்டு, ‘அவன் மண்டியிட்டு அழுதான்’ என்று எழுதினேன். உங்களிடம் சொல்லாமலே ஏற்றியும் விட்டேன்.

மறுநாள் உச்சி வெயிலில் நடந்தே வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அவன எதுக்கு மண்டி போட வச்சீங்க?”

“தப்ப உணர்ந்தாதானே டீச்சர் கதைக்கு ஒரு நிறைவு?”

“தப்பு பண்ணவன் மன்னிப்புக் கேக்கட்டும். இவன் இன்னா தப்பு பண்ணான்?”

அதன்பின் ஒரு மாதம் பக்கங்கள் வரவில்லை. ஒரு நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேறு சாதிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்பதற்காகத் பிறந்த ஊர் தொண்டூரிலிருந்து உங்கள் நைனா ஆள் மேல் ஆள் அனுப்பியது, “ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டா வாசப்படி ஏறலாம்” என்றது, நீங்கள் கேட்காதது, அவர் சாவுக்குக்கூடத் தெருவில் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறியது. எல்லாம் நீங்களே ஆசிரியர் அறையில் எனக்குச் சொன்னவை. இருபது வருடமாகத் தெரிந்தும், உங்கள் தேவதூதனை நான் மண்டியிட வைத்திருக்கிறேன். சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளையின் விடையை அடித்துவிட்டு, நானே தப்பான விடை எழுதியது போல.

அன்று மாலையே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நான் தொடங்குவதற்குள், “மொதல்ல டீ குடிங்க” என்றீர்கள். குடித்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டேன். அந்த நான்கு வரிகளை உங்கள் எதிரிலேயே திரும்ப ஏற்றினேன். மறுபடி சனிக்கிழமைகள் வந்தன. பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது.

“கடைசி அத்தியாயத்துல நீங்க கை வைக்க முடியாத மாதிரி எழுதித் தர்றேன், பாருங்க” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்தீர்கள். வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வீடு திரும்பவில்லை; இந்தக் காகிதக் கட்டுதான் வந்தது. சிவப்பின் மேல் என் சிவப்புப் பேனா என்ன செய்யும்?

படித்தேன். வானம் மறுபடி திறக்கிறது. இந்த முறை மன்னிப்புக்குக் காத்திராமல் சிறகுகளையே கீழே போட்டுவிடுகிறார்கள். அவன் எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. பாறை சில்லென்றிருக்கிறது என்று நிசிக்குக் கீழே விரித்துப் போடுகிறான். அவ்வளவுதான் முடிவு. இரண்டு இடத்தில் என் கை பேனாவைத் தேடியது. மூடியைத் திறக்கவில்லை.

இன்று காலை எழுதியபடியே ஏற்றிவிட்டேன். மதியத்துக்குள் ஒரு வாசகி கேட்டிருந்தாள்: ‘அப்பவே மன்னிப்புக் கேட்டிருந்தா ரெண்டு பேரும் இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க வேணாமே?’

வாசகர்களுக்குப் பதில் எழுதுவது எப்போதும் உங்கள் வேலை. இன்று நான் எழுதினேன், உங்கள் பேச்சிலேயே, ஓர் எழுத்தையும் திருத்தாமல்:

‘இவன் இன்னா தப்பு பண்ணான்?’