மேகலாவின் அடுப்புக்கு முதல் தீ

என் ஆசை மேகலாவுக்கு,

அண்ணி என்று எழுதினால் அடிக்க வருவாய். ஒரே கம்பெனியில், ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் நாம். என் அண்ணனுக்கு உன்னைக் கட்டி வைத்ததே நான்தான். அதற்கப்புறமும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நீ. அதனால் மேகலா என்றே ஆரம்பிக்கிறேன். கோபத்தில் இருக்கிறேன், கேட்டுக்கொள்.

காய்ச்சல்தானே, ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போனாய். போனவள் ஷெட்டை என் தலையில் கட்டினாய், சரி. உன் புருஷனையும் ஏன் சேர்த்துக் கட்டினாய்? ஆமாம், உன் புருஷன்தான். அவர் உருப்படியாக ஏதாவது செய்தால் "எங்க வூட்டுக்காரரு" என்பாய், சொதப்பினால் "உங்க அண்ணன்" என்பாய். இப்போது என் முறை.

முதலில் ஷெட் செய்தி. வல்லக்கோட்டை ரோட்டில் 'பழைய அடுப்புக்குப் பெயிண்ட் அடித்துத் தரப்படும்' என்ற நம் போர்டு இன்னும் தொங்குகிறது. டீக்கடை அடுப்பு வருகிறது, ஹாஸ்டல் கேன்டீன் அடுப்பு வருகிறது. வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸில் கறி சுடுகிற பார்பெக்யூ அடுப்பை மழை முழுக்க நனையவிட்டு, துரு கொட்டக் கொட்டக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதே சமையல்காரர்தான். கறி வைக்கிற கம்பிக்கும் பெயிண்ட் அடித்துக் கொடு என்று அதே பிடிவாதம்.

"வெளிய மட்டும் பளபளன்னு கீது. கம்பி இன்னாம்மா பாவம் பண்ணுச்சி?"

"கம்பில அடிச்சா பெயிண்டு கறியோட சேந்து வயித்துக்குப் போவும்ய்யா."

"அந்த அக்கா இருந்தா அடிச்சிக் குடுத்திருக்கும்."

அந்த அக்கா இருந்திருந்தால் அந்தக் கம்பியாலேயே முதுகில் ஒன்று வைத்திருப்பாள் என்று அவருக்கு யார் சொல்வது? செத்துப்போனவர்கள் பேரைச் சொல்லி என்ன வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது.

இன்னொருவர் வாசல் கேட்டுக்கு அடிக்க வாங்கிய சாதாரண ஸ்ப்ரே பெயிண்டை பார்பெக்யூ மேல் தானே அடித்துவிட்டார். தீ பட்டதும் அது அப்பளம் மாதிரி கொப்பளித்துக்கொண்டது. பிறகு நம்மிடம் வந்து நிற்கிறார். அதைச் சுரண்டிச் சுரண்டி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நீ இருந்தால் பாதி நீ சுரண்டியிருப்பாய். முழுசாகத் திட்டியுமிருப்பாய்.

ஆனால் இவர்களெல்லாம் எவ்வளவோ தேவலை. உன் புருஷன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஊர் அடுப்பையெல்லாம் புதுசாக்கிய உனக்கு உன் வீட்டு அடுப்பு மட்டும் கண்ணில் படவே இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாய். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குத் தூக்கி வந்தாய். பர்னரைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தாய். சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டை மெல்லிசாக ஒரு கோட், அது காய்ந்ததும் இன்னொரு கோட். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "நாளைக்கு மொத தீ வச்சிடலாம்" என்றாய். அன்று சாயங்காலமே காய்ச்சலில் படுத்தாய். அந்த நாளை வரவேயில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். வாலாஜாபாத் சித்தப்பா வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்தன. காரியம் முடிந்தது. பந்தல் பிரித்தாயிற்று, சொந்தமெல்லாம் கிளம்பியாயிற்று. அதற்கப்புறமும் உன் புருஷன் அந்த அடுப்பின் பக்கம் யாரையும் விடவில்லை. "அவ அடிச்ச பெயிண்டு. மொத தீ எப்பவும் அவதான வைப்பா? அது அப்டியே இருக்கட்டும்." இதே பாட்டு.

எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இந்தப் பெயிண்ட் காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது, சூடு ஏறி இறங்கினால்தான் இறுகும், அதுவரை நகம் பட்டாலே போய்விடும் என்று. தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர், பெயிண்ட் அடித்த கார் பாடியையே ஓவனில் சுட்டு எடுப்பதை தினமும் பார்க்கிறவர். சொன்னால் சுவரைப் பார்க்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

நடுவில் ஒரு வீரச் செயல் செய்தார். கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கி வந்தார், அதுதான், இண்டக்‌ஷன். உன் வீட்டில் இருக்கும் சட்டி பானை அத்தனையும் அலுமினியம். எதை வைத்தாலும் அது கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோனது. அடுப்பைத் திரும்பப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். தனக்குக் கம்பெனி கேன்டீன் இருக்கிறது. உன் மகளுக்கு? காலையில் பன், ராத்திரி கடைப் பரோட்டா. நான் கொண்டுபோய்க் கொடுத்தால், "எத்தினி நாளு அத்த நீயே செய்வ?" என்று டப்பாவைத் திருப்பித் தருகிறாள். ரோஷம் அப்படியே உன்னுடையது.

போன வாரம் உன் மகள் யாழினி பள்ளிக்கூடம் விட்டு நேராக ஷெட்டுக்கு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"அத்த, அப்பாவாண்ட சொல்லி என்ன ஹாஸ்டல்ல சேத்து வுட்டுடு."

"ஏன்டி, இன்னாடி ஆச்சி?"

"அங்கயாவது அடுப்பு எரியும்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நீ போய்விட்டாய், இப்போது இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் யார் இருப்பது, பெயிண்ட் அடித்த அடுப்பா? மறுநாள் உன் புருஷனுக்கு வீக் ஆஃப். காலையிலேயே போய் நின்றேன்.

போனால், மனுஷன் அடுப்படியில் உட்கார்ந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனியில் மெஷின் துடைக்கிற துணி, மெஷின் துடைக்கிற லிக்விட். சாமி சிலையைத் துடைப்பது போல அவ்வளவு பதவிசு.

"தெனம் தொடச்சி வைக்கிறேன் கௌரி. ஒரு தூசி உக்கார வுடல" என்றார், பெருமையாக.

எனக்குச் சட்டென்று சந்தேகம் வந்தது. கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் பார்த்தேன். மை மாதிரிக் கறுப்பு. அடுப்பின் வலது மூலையில் வெறும் இரும்பு தெரிகிறது.

"இது இன்னா?"

"அழுக்கு."

"அழுக்கா? மேகலா அடிச்ச பெயிண்டுண்ணா! பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு தொடச்சித் தொடச்சி நீயே அவள வழிச்சி எடுத்துகினு கீற!"

அவர் துணியைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து, அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்தார்.

நீ செய்கிற மாதிரியேதான் செய்தோம். பர்னரையும் கேஸ் ட்யூப்பையும் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தேன். யாழினிதான் பற்ற வைத்தாள். முதலில் சின்னத் தீ, பிறகு நடுத்தரம், பிறகு முழுசு. நாற்றமும் புகையும் கிளம்பி, பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாம்மா கருகுது?" என்றாள். ஒன்றும் கருகவில்லை, இறுகுகிறது என்றேன். உன் புருஷன் தள்ளி நின்று, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நன்றாக ஆறியதும் உள்ளே கொண்டுபோய் வைத்தோம். யாழினி பால் ஏற்றினாள். பேச்சுவாக்கில் யாரும் கவனிக்கவில்லை, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. "ஐயோ, பெயிண்டு!" என்று பாய்ந்து வந்தார். நெருப்பையே தாங்குகிறது, ஒரு டம்ளர் பாலைத் தாங்காதா? எனக்கு வந்த எரிச்சலில் ஒரு வெள்ளைத் துணியை அவர் கையில் திணித்தேன்.

"அயுத்தித் தொடை. நல்லா அயுத்தி."

பயந்து பயந்து துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். பால்தான் இருந்தது. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. இன்னொரு முறை, இன்னும் அழுத்தித் துடைத்தார். இல்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத என் அண்ணன் அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

"பொகை" என்றார்.

புகை எப்போதோ அடங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆமாம் என்றோம். யாழினி மூன்று டம்ளரில் டீ ஊற்றினாள். சர்க்கரை தூக்கல். ஹாஸ்டல் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த வலது மூலை அடுத்த மழைக்குத் துருப் பிடிக்கும். அப்போது நான் வந்து, நீ அடித்த பெயிண்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டுப் புதுசாக அடிப்பேன். என் அண்ணன் குதிப்பார், குதிக்கட்டும். உனக்கும் வருத்தமாக இருந்தால் என் கனவில் வந்து சண்டை போடு, அதற்காகவாவது வா. பெயிண்ட் போகும், மறுபடி அடித்துக்கொள்ளலாம். அந்த அடுப்பை மட்டும் இனி ஒருபோதும் குளிர விட மாட்டேன். இது சத்தியம்.

பாதி சுரண்டிய பார்பெக்யூவோடு ஷெட்டில் உட்கார்ந்திருக்கும்,
உன் நாத்தனார்
கௌரி