கொரியாவிடம் தோற்ற கதை

கொரட்டூர்
ஞாயிற்றுக்கிழமை

என் செல்லம் ஷோபனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பார், அதனால்தான் கடிதம்.

பக்கத்து ஃபிளாட்ஸ்காரர்கள் மாநில அளவிலான கிரிக்கெட் போட்டி என்று பேனர் வைத்தார்கள். நம் சங்கச் செயலாளரான உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, மறுநாளே சர்வதேச கிரிக்கெட் போட்டி என்று அதைவிட இரண்டடி பெரிதாகக் கட்டிவிட்டார். கட்டிய பிறகுதான் வெளிநாட்டுக்கு எங்கே போவது என்ற யோசனையே வந்தது. நூடுல்ஸ் கடைச் சமையல்காரர்களைப் பிடித்து நேபாளம் ஆக்கினார். மூன்றாவது மாடி லோகநாதன் நாலு வருஷம் மலேசியாவில் வேலை பார்த்தவர் இல்லையா, அவரும் அவர் மச்சான்களும் மலேசியா. பி பிளாக்கில் குடியிருக்கும் கொரிய நாட்டு இன்ஜினியர்கள் கொரியா. அவர்கள் கிரிக்கெட்டைக் கண்ணால் கண்டதில்லை, சும்மா எண்ணிக்கைக்கு வரட்டும் என்றார் அப்பா.

அவர்கள் ஊரில் சின்ன வயதிலிருந்தே பேஸ்பால் ஆடுவார்களாம், யாருக்குத் தெரியும்? மலேசியாவை அடித்த அடியில் பத்து ஓவரில் இருநூற்றுப் பன்னிரண்டு ரன், பாதிப் பந்து பக்கத்து ஏரியில். அடித்ததும் மட்டையை வீசிவிட்டு ஓடுவார்கள், நடுவராக நின்ற அப்பா ஓட வேண்டாம், அது சிக்ஸர் என்று கையெடுத்துக் கும்பிடுவார். நேபாளமும் அவர்களிடம் அரை மணி நேரத்தில் சுருண்டது.

இறுதிப் போட்டியில் அவர்களும், போட்டியை நடத்துகிறவர்கள் என்று நேராக இறுதிக்கே வந்துவிட்ட நாமும். கொரியா நூற்றெண்பத்தேழு. நாம் ஒன்பது பேர் அவுட்டாகி எட்டு ரன். கடைசி ஆள் ராகவன் ஆபீஸ் மீட்டிங் என்று லிஃப்டில் ஏறிப் போய்விட்டான். பக்கத்து ஃபிளாட்ஸ்காரர்கள் மொட்டை மாடியிலிருந்து வீடியோ எடுக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றுகூட உன் அப்பா முகம் அப்படி வாடியதில்லை ஷோபனா. மோர் கொடுக்க வந்த என்னை, நம் வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலை, "யக்கா, இன்னா வேடிக்க பாத்துகினு கீற, போய் மட்டையப் புடி" என்று தள்ளிவிட்டாள். புடவையைச் சொருகிக்கொண்டு போய் நின்றேன்.

முதல் பந்து காலில் பட்டது. யாரும் அவுட் கேட்கவில்லை, உன் அப்பா விரலைத் தூக்கிவிட்டார்! யாருங்க கேட்டாங்க என்றேன். ரூல்னா ரூல், சரசா என்றார். கொரியா கேப்டன் ஓடி வந்து, அம்மா நாட் அவுட் என்று சொல்லி அவர் விரலைப் பிடித்து மடக்கிவிட்டான். அடுத்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், நாலு. பிறகு ஒன்று. அதோடு எதிர்முனையில் இருந்தவர் அவுட். நூற்றெழுபத்துநாலு ரன்னில் தோல்வி என்றாலும் நம் பக்கம் அதிக ரன் என்னுடையதுதான்.

சாயங்காலம் அப்பா தைலத்தோடு வந்து என் காலைத் தேய்த்துவிட்டார். அப்புறம் மெதுவாக, "அந்தப் பந்து ஸ்டம்புக்கு வெளியேதான் போச்சு, சரசா" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு ஆபீசுக்கு ஓடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அனுப்பிய பருப்புப் பொடியை ஈரக்கை படாமல் எடு. இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சரசா ரகுநாதன்
(ஆட்டமிழக்காமல் 5)