இடத்துக்குத் தட்டிய முள்

இன்று காலை மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த வாசனையோடு அம்பிட்டிய மேட்டில் இருந்த உன் வீடும் வந்துவிட்டது. எல்லா ஜன்னலையும் பூட்டிக்கொண்டு நீயும் உன் மனைவியும் உள்ளேயும், குரங்குகள் மற்ற எல்லா இடத்திலும் குடியிருந்த வீடு. கம்பி வலை அடித்துப் பார்த்தோம். ஒரே வாரத்தில் பிய்த்து, பக்குவமாகக் கீழே வைத்துவிட்டுப் போயின.

"நம்மளப் பாக்கத்தான்டா குடும்பத்தோட வருதுங்க" என்பாய்.

மூச்சு நோய் முற்றியபின் உனக்கு ஒரே ஆசை, கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நாவலப்பிட்டியில் ஒருவரிடம் பழைய எயார் ரைபிள் வாங்கினாய். குரங்கைச் சுட அல்ல. நீ அனுமார் பக்தன். பலா மரத்தில் தகரம் ஒன்றைத் தொங்கவிட்டு அதைச் சுட்டால், சத்தத்துக்கு அவை ஓடும் என்பது திட்டம். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனுக்குத் திட்டங்களுக்கா பஞ்சம்?

குழல் நுனியில் குறி பார்க்க நிற்கும் சின்ன முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ரவைகள் தகரத்துக்கு வலப்புறமாகவே போயின. நீ பின்னால் இருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க, நான் சுத்தியலுடன் நின்றேன்.

"மெதுவா இடத்துக்குத் தட்டு" என்றாய்.

லெஃப்ட், ரைட் என்று சொன்னால் கோபிப்பவன் நீ. இடம், வலம்தான். ஆகவே நான் கடமை தவறாமல் முள் இன்னும் இடப்பக்கம் சாயும்படி தட்டினேன். அடுத்த ரவை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் போய் முட்டியது.

"அடேய், அதோட இடத்துக்குன்னு சொன்னேன்டா!"

"இடம்னா லெஃப்ட்னு நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்ன?"

பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயா வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். ஓய்வுபெற்ற இரண்டு அரச ஊழியர்கள் ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்தோம். நீ சிரிக்கப் போய் நெடுநேரம் இருமினாய். "என் தமிழே எனக்கு வேட்டு வச்சிருச்சு."

மறுநாள் சுத்தியலில் துணி சுற்றி முள்ளை நிமிர்த்தினோம். தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தோம். முதல் ரவையே தகரத்தில் பட்டது. குரங்குகள் ஓடின. மூன்று நாள் ஜன்னல் திறந்திருந்தது. நீ முகத்தை வெளியே நீட்டியபடியே தேத்தண்ணி குடித்தாய். நான்காம் நாள் சத்தம் கேட்டதும், என்னவென்று பார்க்க அவை கூட்டமாக வந்தன. மறுபடி பூட்டினோம்.

உன்னைக் கடைசியாகப் பார்த்த பின்னேரம், "ஜன்னலத் திறந்து விடுடா. வந்தா வரட்டும்" என்றாய். நான் உன் மனைவியைப் பார்த்தேன்.

"மருந்தெல்லாம் தூக்கிட்டுப் போயிரும் அண்ணே" என்றார்.

"நாளைக்குப் பாப்போம்" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

மறுநாள் சனம் வரத் தொடங்கியதும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நானே திறந்துவிட்டேன். உன் தலைமாட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. பின்னேரம் உன்னை எடுக்கும்வரை ஒரு குரங்கும் வரவில்லை.

என் வீட்டு ஜன்னல்களும் பூட்டியே இருக்கின்றன. யாராவது புழுக்கம் என்றால் திறக்க எழுந்து போகிறேன். கொளுக்கியில் கை வைத்ததும் அந்த "நாளைக்கு" வாயில் வந்து நிற்கிறது.