மேலாக மொண்ட தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று விடிந்ததும் விடியாததுமாகப் பக்கத்துக் கொல்லையில் டீசல் இன்ஜினை ஓட்டிவிட்டார்கள். புகை வாடை என் அடுப்படி வரை வந்தது. உடனே உன் ஞாபகம், கூடவே கோபம். செத்துப்போனவள் மேல் கோபப்படுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரி.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீயும் தம்பியைக் கட்டிக்கொண்டு நானும் ஒரே கிணற்றுக்கு வந்து சேர்ந்தோம். அந்தக் கிணறும் அரைக்காணி மல்லிகையும்தான் நமக்குச் சோறு. ஆட்கள் முன்னால் உன்னை வாங்க போங்க என்பேன். கிணற்றடியில் வா, போதான்.

சுனாமி அன்று கடல் உப்பளத்தைத் தாண்டி வந்து நம் கிணற்றிலும் விழுந்தது. ஒரு வாய் குடித்துத் துப்பினேன். உப்பை இறைத்துக் கொட்டிவிட்டால் நல்ல தண்ணீர் ஊறும் என்று ஊரே இறைத்தது, நானும் இறைத்தேன். நாளெல்லாம் இன்ஜின் ஓடியது. வாரத்துக்கு இரண்டு கேன் டீசல் போனது. தண்ணீரோ நாளுக்கு நாள் கூடுதலாகத்தான் கரித்தது.

ஒரு நாள் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு நீ பாட்டுக்கு உன் வீட்டுக்குள் போய்விட்டாய்.

"இன்னாக்கா, பைத்தியமா புடிச்சிருக்குது? செடி செத்துடும்!"

"அளத்துல பத்து வருஷம் வேலை செஞ்சவடி நானு. உப்புத்தண்ணி வேணும்னாதான் இப்பிடி அடி வரைக்கும் இறைப்பாங்க. நல்ல தண்ணி லேசு, மேலதான் நிக்கும். வாளி வுட்டு மேலாக்க மொள்ளு."

உப்பு வாருகிறவளுக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். வாய்க்கொழுப்பு. அதோடு நம் பேச்சு நின்றது.

நீ உன் பாட்டுக்கு வேலை பார்த்தாய். வெயில் தாழ்ந்த பிறகு வாளியால் மொண்டு வேரில் மட்டும் ஊற்றினாய். ஈரம் காயாமல் இருக்கச் சவுக்குச் சருகைப் பரப்பினாய். கொல்லையைச் சுற்றி வரப்பு போட்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டே நானும் அதையே செய்தேன். வேறு வழி? ஹேண்டில் உன்னிடம். பாதிச் செடி போய்விட்டது. அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. வரப்புக்குள் விழுந்த தண்ணீர் எங்கும் ஓடாமல் மண்ணுக்குள் இறங்கியது. தை மாதம் ஒரு காலையில் வாளி விட்டு மொண்டு குடித்தேன். கரிப்பு இல்லை. விடாமல் இறைத்த கிணறுகளெல்லாம் அப்போதும் கரித்துக்கொண்டுதான் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீ ஹேண்டிலுக்கு எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாய். "அரை மணி நேரம் ஓட்டு, போதும்." வாங்கிக்கொண்டேன். பழையபடி பேச ஆரம்பித்தோம், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு கேன் டீசல் ஒரு மாதத்துக்கு வந்தது. மிச்சமான காசில் புதுச் செடி வைத்தோம்.

சித்திரையில் காய்ச்சலோடு கிடந்த உனக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "நம்ம கெணறாடி?" என்றாய். "ஆமாக்கா" என்றேன். எழுந்து வரட்டும், சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நீ சொன்னதுதான் சரி, அக்கா. தையிலிருந்து சித்திரை வரை இதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது.