மேடைக்கு முதலில் யாரைக் கூப்பிடுவது

வியாழக்கிழமை காலை என் கைபேசியை ஓங்கிக் கடையின் கண்ணாடி மேசையில் அடித்துவிட்டேன். மேசை மூலைக்கு மூலை விரிசல் விட்டது. அடிக்க வைத்தது ஒரே ஒரு யோசனை. கல்யாண வீட்டில் ஆக முக்கியமான ஆளைக் கண்டுபிடித்து அவரை முதலில் படம் எடுங்கள், அவர் மனம் குளிர்ந்தால் அடுத்த வேலை தானாக வரும் என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் செயலி அது. ஜோகூர் பாருவிலிருந்து ஓர் ஏஜெண்டு கொண்டுவந்தார். பத்து பகாட் ஊரில் இருக்கும் என் கடைக்குக் கேமரா ஸ்டாண்டும் லென்சும் வாங்க வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்து விற்கலாம் என்றார். ஒரு வாரம் இலவசமாகப் பார்க்கலாம். வாய்ப்பேச்சைக் கேட்டு நான் சரக்கு எடுப்பதில்லை, உனக்குத் தெரியும், மச்சான். ஒவ்வொரு பாடமாகத் திறந்து, எதிர்க்கடைப் பழக்காரரை நிற்க வைத்து எடுத்துப் பார்த்தேன். சன்னல் வெளிச்சத்தைப் பற்றிய பாடம் நேர்மையானது. ஆளின் கண்ணில் கூர்மை வைக்கச் சொல்லும் பாடமும் நன்று. சாப்பாட்டுப் படப் பாடம் வெறும் விளம்பரம். பாதிக்கு மேல் உருப்படியாக இருந்ததால் வாங்கலாம் என்றே நினைத்தேன். அப்போதுதான் கல்யாணப் பாடத்தைத் திறந்தேன்.

நீ ஒரு கல்யாணத்துக்கும் அப்படிப் போனதில்லை. முதல் நாளே பெண்ணின் அம்மாவிடம் உட்கார்ந்து, மேடைக்கு யார் பின்னால் யார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குவாய். "வெளிச்சம் தப்பினா படம் போவும். வரிசை தப்பினா பல்லு போவும், மச்சான்" என்பாய். நீ படம் எடுப்பாய், மைக்கில் பெயர் கூப்பிடுவது நான். நம் தொழில் அவ்வளவுதான், இரண்டே பேர்.

பல வருடங்களுக்கு முன், கோத்தா திங்கி மண்டபத்தில் ஒரு மத்தியானக் கல்யாண விருந்து. நீ கொடுத்த தாளில் முதல் பெயர் பெண்ணின் தாய்மாமன். செனாயில் லோரி ஓட்டுகிறவர். கடன் வாங்கியாவது அக்கா மகளுக்குச் சங்கிலி செய்து, பட்டு வேட்டி கட்டி, மேடைப் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தார். முன் வரிசையில் ஒரு ஹார்ட்வேர் கடைத் தவுக்கே, ஊரறிந்த முதலாளி. அவர் வீட்டிலும் ஒரு பெண் கல்யாணத்துக்கு இருந்தாள். நான் தவுக்கேயைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, தாய்மாமனைக் கடந்து மேடை ஏறினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாய்மாமன் படியிலிருந்த பூந்தொட்டியை உதைத்தார். அது மாப்பிள்ளையின் காலில் பட்டு உடைந்தது. "என் அக்கா பொண்ணு மேடையில எனக்கு முன்னால எவன்டா?" என்றார். தவுக்கேயின் தம்பி தாய்மாமனின் சட்டையைப் பிடித்தான். அதற்குப் பிறகு இரும்பு நாற்காலிகள்தான் பேசின. ஒருவன் வாயிலிருந்து பல் இரத்தத்தோடு விழுந்து பிரியாணித் தட்டில் கிடந்ததைப் பார்த்தேன். பெண்ணின் அம்மாவை யாரோ தள்ளியதில் அவர் குத்துவிளக்கின் மேலேயே விழுந்தார். தாய்மாமனின் ஆட்கள் மூன்று பேர் என் பக்கம் வந்தார்கள். மைக்கில் கூப்பிட்டது எவன் என்று கேட்டார்கள்.

என் கையில் மைக் இருந்தது. நீ அதைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாய்.

"நான்தான். பேர மாத்திட்டேன். விடுங்க லா."

சொன்னால் தணிவார்கள் என்று நினைத்தாய். ஒருவன் நம்முடைய லைட் ஸ்டாண்டையே தூக்கி உன் முகத்தில் வீசினான். பச்சைத் தேங்காயைக் கத்தியால் கொத்துகிற மாதிரி ஒரு சத்தம். நீ விழுந்த பிறகும் வயிற்றில் மிதித்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் இருந்தேன். உன் வலது கண்ணை மருத்துவமனையில் காப்பாற்ற முடியவில்லை. அன்று பெயர் கூப்பிட்டது நீதான் என்றே வீட்டிலும் சொன்னாய், நான் திருத்தவில்லை.

இடது கண்ணால் எடுக்கப் பழகினாய். மூக்கு கேமராவில் அழுந்தி, திரையில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தவுக்கே வீட்டுக் கல்யாணமும் நமக்கே வந்தது. ஒற்றைக் கண்ணோடு நீதான் எடுத்தாய், நான்தான் மைக் பிடித்தேன்.

ஒரே ஒரு முறை கேட்டாய். காரில் போகும்போது, ரோட்டைப் பார்த்தபடியே.

"அன்னிக்கு அந்தத் தாளப் பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கல. கூட்டத்துல குழம்பிட்டேன்."

"அப்ப சரி லா" என்றாய். பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. போன வருடம் சர்க்கரை முற்றி நீ போய்விட்டாய்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏஜெண்டு முடிவு கேட்டு வந்தார். கல்யாணப் பாடத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், இதை நம்பி எவனாவது நம் ஊர் மண்டபத்தில் மைக் பிடித்தால் பிணமாகத்தான் வெளியே வருவான் என்றேன். "அங்கிள், அது வெள்ளைக்காரன் எழுதுனது லா. அவனுக்கு எங்க தாய்மாமன்?" என்று சிரித்தார். அவருக்குப் புரிய வேண்டுமே என்று கதையைச் சொன்னேன். சொல்லும்போதே என் காதில் விழுந்தது: "என் பார்ட்னர் பேர மாத்திக் கூப்பிட்டுட்டான்." நாக்கு தடுமாறவில்லை, திக்கவில்லை. நீ இல்லாத இடத்தில், உன்னைத் தெரியாத ஓர் ஆளிடம்கூட, பழியை உன் மேலேயே போட்டேன். செயலி வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அந்தத் தாளை நான் பார்த்தேன், மச்சான். பார்த்துவிட்டுத்தான் மடித்துப் பையில் வைத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையோடு கன்னத்தில் ஓங்கி அறைந்தார். இரண்டாவது அறையில் வளையல் பட்டு என் உதடு கிழிந்தது. மூன்றாவதற்குக் கையைத் தூக்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சோத்துல அவரு கை வைக்கறப்பெல்லாம் சொல்லுவேன் அண்ணே. ஒரு பேரு ஒழுங்கா கூப்பிடத் தெரியாம கண்ணக் குடுத்துட்டு வந்த மனுசன்னு. பிள்ளைங்க முன்னாலயே சொல்லுவேன். அவரு சிரிச்சிக்கிட்டே சாப்பிடுவாரு. அத்தனையும் இப்ப நான் எப்படித் திருப்பி எடுப்பேன்?"

பிள்ளைகளிடமும் நானே சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து மிச்சத் துணியைக் காயப்போட்டார். அடுத்த வாரம் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வந்ததும் போவேன். பெரியவன் சட்டென்று கை நீட்டுகிறவன், அதுவும் தெரியும்.

இன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தேன். கிழிந்த உதட்டில் ரசம் எரிந்தது. உன் மனைவி உனக்குச் சொன்னதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எனக்குக் கேட்டது. நீ எப்படிச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போகாமல், கேட்டுக்கொண்டே முழுவதும் சாப்பிட்டேன்.