குப்பண்ண கவுண்டர் கொடுத்த நல்ல தண்ணீர்

புதன், மாசி 12.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மத்தியானம் குப்பண்ண கவுண்டர் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பு வந்த பிறகு தன் கிணறு உப்புக் கரிக்கிறது என்று மனுக் கொடுத்தவர் அவர். சோதித்துப் பார்த்து, தண்ணீரில் குற்றமில்லை என்று போன வாரம் அறிக்கை அனுப்பியவன் நான்.

“ஏனுங்க, எருமையே வாய் வெக்காத தண்ணிய நல்ல தண்ணின்னு எழுதிப்போட்டீங்களாமுங்க” என்றார்.

“நீங்க கொண்டாந்த புட்டியில உப்பே இல்லீங்களே. எங்க புடிச்சீங்க?”

“டவுன் குழாயிலதானுங்க. சிறுவாணித் தண்ணி. ஆபீசர் வாயில ஊத்திப் பாப்பாருன்னு சொன்னாங்க. அந்தக் கருமத்த உங்களுக்கு எப்படிங்க குடுக்கறது?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கவா சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது? ஆனால் இத்தனை மரியாதை தெரிந்தவரை எப்படித் திட்டுவது?

இன்று கிணற்றுத் தண்ணீரையே கொண்டுவந்திருந்தார். வெள்ளி நைட்ரேட்டு இரண்டு சொட்டு விட்டதும் பாலாக வெளுத்தது; அத்தனை உப்பு.

“அப்ப அந்தப் பழைய காயிதத்தக் கிழிச்சுப்போடுங்க” என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எப்படிக் கிழிப்பது? அதன் நகல் ஒன்று தோல் ஷாப்பு முதலாளியிடம் இருக்கிறது. அதில் அச்சடித்த வரி ஒன்றும் இருக்கிறது: ‘என் முன்னிலையில் எடுத்த தண்ணீர்.’ வெயிலுக்குப் பயந்து கவுண்டரிடம் வெறும் புட்டியைக் கொடுத்தனுப்பிய நான், அந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.