என் துளி மூழ்கிவிட்டது!

அடியே, இன்று என் இரத்தம் மூழ்கிவிட்டது! ஸ்பிரிங்வெளியில் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரத்ததான முகாம். மேசைமேல் சின்னக் கிளாசில் அன்று பார்த்த அதே நீலத் தண்ணீர். நர்ஸ் மிஸ் என் விரலில் குத்தி ஒரு துளியை அதில் விட்டார். சத்துள்ள இரத்தம் மூழ்கும், இல்லாதது மிதக்கும். என் துளி நேரே அடிக்குப் போய்விட்டது! நான் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பதுளை ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது என் துளி மிதந்தது. உனக்காக இரத்தம் கொடுக்க ஓடி வந்தவளை, "ஒங்களுக்கே பத்தாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உனக்கு யாரோ கொடுத்த இரத்தம்தான் ஏறியது. கட்டிலில் கிடந்தபடியே நீ என்னைச் சீண்டினாய்: "கீரையக் கொழகொழன்னு அவிச்சுத் தின்னா ரத்தம் எங்க புள்ள ஊறும்?" அடுத்த வாரம் நீ கண்ணை மூடிவிட்டாய். ஒரு பை இரத்தம் கொடுக்க வக்கில்லாத நான் என்ன சிநேகிதி என்று என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன்.

லயத்து வரிசையில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். பின்னால் இருந்த ஒரே பாத்தியில்தான் இருவருக்கும் கீரை. நீ வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு, தேசிக்காய் பிழிந்து பச்சையாகவே சாப்பிடுவாய். நான் கீரை, கெரட் எதையும் அடுப்பில் ஏற்றாமல் வாயில் வைக்க மாட்டேன். மத்தியானம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் இதே வழக்குதான்.

"வேக வெச்சா சத்தெல்லாம் தண்ணியோட போயிரும்" என்பாய்.

"பச்சையாத் தின்னா பூச்சியும் புழுவும்தான் வயித்துக்குள்ள போகும். நீ என்ன ஆடா?" என்பேன்.

ஆனால் உன் கிளினிக் கார்டிலும் இரத்தம் குறைவு என்றுதானே எழுதியிருந்தது? அதை நீ ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை, கள்ளி.

நீ போன பிறகு நம் வழக்கை மருத்துவிச்சியம்மாவிடம் கொண்டுபோனேன். பொறுமையாகக் கேட்டார்.

"கெரட்ட அவிச்சுச் சாப்பிடுங்க, நல்லது. வல்லாரைய நல்லாக் கழுவிட்டுப் பச்சையாவும் சாப்பிடலாம். அதெல்லாம் இருக்கட்டும், சாப்பாட்டோட ரெண்டு பேரும் என்னத்தக் குடிச்சீங்க?"

"தேத்தண்ணிதாங்க. ஆளுக்கு ஒரு போத்தல்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தேயிலைச் சாயம் இரும்புச் சத்த ஒடம்புல சேர விடாதும்மா. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழிச்சுக் குடிங்க."

கேட்டாயா! பச்சையா வெந்ததா என்று இத்தனை வருடம் மல்லுக்கட்டினோம். இருவர் கையிலும் இருந்த போத்தலை இருவருமே பார்க்கவில்லை. அதுவும் நாமே பறித்த கொழுந்து! அங்கேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்து சிரிக்க நீ இல்லையே என்று அழுகையும் வந்தது. அவர் கொடுத்த மாத்திரையை விழுங்கினேன். சாப்பாட்டு நேரத்துத் தேத்தண்ணியை நிறுத்த நான் பட்ட பாடு தனிக்கதை.

என் இரத்தப் பை இன்று பதுளைக்குப் போகும் வேனில் ஏறிவிட்டது. உன்னைப்போல அங்கே படுத்திருக்கும் ஒருத்திக்குப் போய்ச் சேரட்டும்.

இப்போதெல்லாம் என் தட்டில் உன் பச்சை வல்லாரையும் இருக்கிறது, நான் அவித்த கெரட்டும் இருக்கிறது. இரண்டு கட்சிக்கும் நானே ஆள். எதிர்த்துப் பேசத்தான் யாருமில்லை.